கெர்னல் எழுப்பும் முதல் ஆள்

கட்டற்ற கணினி – 9

சென்ற வாரம், கிரப் என்ற துவக்க மெனுவில் என்டர் தட்டியதும் கெர்னல் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்ததுவரை பார்த்தோம். வன்பொருளை அடையாளம் கண்டு முடித்ததும் கெர்னல் ஒரே ஒரு நிரலை எழுப்பிவிடுகிறது. அதன் ப்ராசஸ் எண் 1, பெயர் இனிட். லாகின் திரை, நெட்வொர்க், பிரின்டர், ஒலி என்று பிறகு வருகிற எல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெற்றது செத்து அநாதையாகும் ப்ராசஸ்களைத் தத்தெடுப்பதும் அதன் கடமை. இனிட்டே செத்துவிட்டால் கெர்னல் பேனிக். கணினி அங்கேயே நின்றுவிடும்.

இத்தனை பொறுப்புள்ள இடத்தில் யாரை உட்காரவைப்பது என்பதுதான் லினக்ஸ் உலகின் மிகச் சூடான சண்டையாக இருந்தது.

பழைய முறையின் பெயர் சிஸ்வி இனிட். 1983இல் வந்த யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் வழக்கத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் மிக்கேல் வான் ஸ்மூரன்பர்க். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். எஸ் 20, எஸ் 30 என்று பெயரிலேயே வரிசை எண் இருக்கும். எஸ் என்றால் ஸ்டார்ட், கே என்றால் கில். எண் வரிசைப்படி ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நெட்வொர்க் கேபிள் பிடுங்கிக் கிடந்தால், முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும்வரை மற்ற எல்லாம் காத்துக் கிடக்க வேண்டும். பின்னாளில் டெபியன் இதை ஓரளவு இணையாக ஓட்டவும் வழி செய்தது. ஆனால் இந்த முறையின் பெரிய குறை வேகத்தில் இல்லை. ஆரம்பித்துவைத்ததோடு அது மறந்துவிடும்.

மறப்பது எப்படி என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு டெமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், கிளம்பியதும் தன் ப்ராசஸ் எண்ணை, 2417 என்று வைத்துக்கொள்வோம், ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. நள்ளிரவில் அது செத்துப்போகிறது. கோப்பில் 2417 அப்படியே இருக்கிறது. நாளடைவில் கெர்னல் அதே எண்ணை வேறொரு நிரலுக்குக் கொடுத்துவிடுகிறது. காலையில் நீங்கள் ஸ்டாப் என்கிறீர்கள். கவனமில்லாமல் எழுதிய ஸ்கிரிப்ட் என்றால், சம்பந்தமே இல்லாத நிரலைக் கொன்றுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும்.

இதற்கு முதலில் விடை தேடியவற்றுள் ஒன்று அப்ஸ்டார்ட். ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதியது, 2006இல் உபுண்டு 6.10இல் வந்தது. எண் வரிசைக்குப் பதிலாக ‘இது நடந்தால் அதைத் துவக்கு’ என்ற நிகழ்வு முறை. ஆனால் டெமன் எத்தனை முறை கிளை பிரியும் என்று நாமே எழுதித் தர வேண்டும். அதைத் தப்பாக எழுதினால் அப்ஸ்டார்ட் தப்பான எண்ணைப் பின்தொடரும்.

2010இல் லெனார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியை முன்வைத்தார்கள். அதன் இரண்டு யோசனைகள் முக்கியமானவை. முதலாவது, சர்வீஸ் கிளம்பும் முன்பே அதற்கான சாக்கெட்டை, அதாவது செய்திகள் வந்துசேரும் வாசலைத் திறந்துவைப்பது. குடிவருபவர் வருமுன்பே வாசலில் தபால் பெட்டியை மாட்டிவிடுவது போன்றது. கடிதங்கள் பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கும், வந்தவர் எடுத்துப் படித்துக்கொள்வார். அதனால் சர்வீஸ்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒரே சமயத்தில் கிளம்பலாம். இரண்டாவது, கெர்னல் தரும் சிகுரூப். ஒவ்வொரு சர்வீஸும் தனி வேலிக்குள் ஓடுகிறது. எத்தனை முறை கிளை பிரிந்தாலும் வேலியைத் தாண்ட முடியாது. செத்தால் உடனே தெரியும். ‘ரீஸ்டார்ட்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் தானே மறுபடி எழுப்பிவிடும். நூறு வரி ஸ்கிரிப்ட் செய்த வேலையைப் பத்து வரி யூனிட் கோப்பு செய்கிறது.

2011இல் ஃபெடோரா 15 இதை ஏற்றது. உண்மையான போர் டெபியனில் நடந்தது. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவின் 8 பேர் சிஸ்டம்டிக்கும் அப்ஸ்டார்ட்டுக்கும் இடையே நாலுக்கு நாலு என்று பிரிந்து நின்றார்கள். தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கு சிஸ்டம்டியை ஜெயிக்கவைத்தது. சில நாட்களில் உபுண்டுவின் மார்க் ஷட்டில்வொர்த், தாங்களும் அதே வழியில் வருவதாக அறிவித்தார். சொந்தப் பிள்ளையான அப்ஸ்டார்ட்டை விட்டுக்கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன்.

எதிர்த்தவர்களின் கவலையும் நியாயமானதே. சிஸ்டம்டி இனிட்டோடு நிற்கவில்லை. லாகின், பதிவேடு, நேரம், பெயர்த் தீர்வு என்று ஒவ்வொன்றாகத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. பதிவேட்டைச் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்க முடியாது, அதற்கென்று தனிக் கட்டளை வேண்டும். ஒன்றின் மீது இத்தனையும் சாய்ந்தால் நாளை மாற்ற நினைத்தாலும் மாற்ற முடியுமா என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் டெபியனிலிருந்து கிளை பிரித்து, 2017இல் தேவுவான் 1.0ஐ வெளியிட்டார்கள். ஜென்டூ வளர்த்த ஓப்பன்ஆர்சி, வாய்ட் லினக்ஸ் பயன்படுத்தும் ரன்இட் ஆகியவையும் நன்றாகவே ஓடுகின்றன. ரன்இட் சின்னது, முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளலாம், செத்த சர்வீஸை எழுப்பவும் தெரியும்.

சிஸ்டம்டியிலும் காத்திருப்பு உண்டு. ‘ஸ்டார்ட் ஜாப் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று திரையில் ஒன்றரை நிமிடம் எண்ணுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது. அந்தப் பெயர் கிடைத்தால் பாதி பழுது தீர்ந்தது.

என் தீர்ப்பு இது. வீட்டு மேசைக் கணினிக்கு சிஸ்டம்டியே போதும். அதை விட்டு ஓட வேண்டிய அவசியம் இல்லை. கணினியின் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வாய்டையோ தேவுவானையோ ஒரு பழைய மடிக்கணினியில் போட்டுப் பழகுங்கள். எதை வைத்திருந்தாலும், துவக்க வேகத்தை மட்டும் வைத்து இனிட்டை எடைபோடாதீர்கள். ராத்திரி ஒரு சர்வீஸ் செத்தால் அது யாருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)