உங்களுக்குத் தெரியுமா? தூரிகையில் முளைத்த 'பதேர் பாஞ்சாலி'

சத்யஜித் ரேயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' (1955) முளைவிட்டது ஓவியத் தாளில்தான். 1943-இல் கல்கத்தா விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகச் சேர்ந்த அவர், விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய, படத்துக்கு மூலமான அதே பெயர் கொண்ட நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தார். அப்போது மனத்தில் பதிந்த காட்சிகள் பல பின்னாளில் திரைக்கு வந்தன. முழுத் திரைக்கதை எழுதாமல், கோட்டோவியங்களையும் குறிப்புகளையும் வைத்தே படப்பிடிப்பை நடத்தினார்.

1950-இல் லண்டனில் பார்த்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படமே அவரை இயக்குநராக்கியது என்பார்கள். தொழில்முறை நடிகர்கள் இல்லாமலும் படமெடுக்கலாம் என்ற துணிவை அது தந்தது உண்மைதான். ஆனால் எந்தக் கதையை, எந்தக் கோணத்தில் காட்டுவது என்பதை அவர் கை அதற்கு முன்பே வரைந்து பார்த்திருந்தது. அவருடைய காட்சி அழகின் வேர் அங்கேதான் இருக்கிறது.