கடல் தாண்டி வந்த பாட்டுப் பெட்டி

எடுத்தவுடனே ரகசியத்தை உடைத்துவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டம் ஒரு காலத்தில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பாட்டு ரேடியோ நிலையம் புதுக்கோட்டையில் இல்லை, திருச்சியிலும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், கொழும்பில் இருந்தது. ஆமாம், நம்ம இலங்கை வானொலியேதான்!

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கணீரென்று கேட்டது? ரேடியோவின் மத்திய அலைக்கு உப்புத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். தரை மேல் வந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். கடல் மேல் வந்தால் தெம்பு குறையாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிக்கு எதிரே விரிந்து கிடப்பது பாக் நீரிணை ஆயிற்றே! இருட்டிவிட்டால் இன்னும் கொண்டாட்டம். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் கடலோரம் தாண்டிய ஊர்களிலும் வந்து இறங்கும்.

சரி, ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்ப்போமா? அங்கே எல்லாம் ஆரம்பித்ததே இசைத்தட்டில்தான். தந்தி இலாகாவின் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் காலத்தில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் சாமான்களைக் கொண்டு டிரான்ஸ்மிட்டர் செய்து, கிராமபோன் பாட்டைக் காற்றில் அனுப்பிப் பார்த்தார்கள். நம்ப முடிகிறதா! 1925 டிசம்பர் 16-இல் நிலையம் முறையாகத் தொடங்கியது.

1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். நேயர்கள் அப்படியே கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். விவிதபாரதி வந்தது 1957-இல். அதற்குள் கொழும்பு அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உரிமையோடு நுழைந்துவிட்டது.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடம் சொச்சம். அந்த நேரத்துக்குள் அடுத்த தட்டைத் துடைத்து, இன்னொரு சுழல்மேடையில் ஏற்றி, பாட்டு தொடங்கும் இடத்தில் முள்ளை நிறுத்தித் தயாராக வைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஊர் முழுக்க மௌனம்தான் கேட்கும்! இந்தப் பரபரப்பு கொஞ்சமும் தெரியாமல் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மடமடவென்று பேசிய அழகை என்னவென்று சொல்ல! ராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானம் வேறொரு சுகம். பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி பிறகு நம்மூர் டிவிக்கே வந்து சேர்ந்தது. 'பொங்கும் பூம்புனல்' என்று நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னாலே அறந்தாங்கிப் பெரியவர்கள் முகம் மலரும், சொல்லிப் பாருங்கள்.

பாட்டெல்லாம் இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. நடுவே பேசிய குரல்கள்தான் அரிது. நேரடியாகப் பேசியதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. உங்கள் வீட்டுப் பரணில், ரேடியோவிலிருந்து பதிவு செய்த பழைய கேசட் இருக்கிறதா? தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் கணினியில் ஏற்றி, நாலு பேருக்குக் கொடுங்கள்.