குழந்தையின் கண்ணில் வழியும் நீர்

பிறந்து சில வாரங்களேயான குழந்தையின் ஒரு கண்ணில் ஓயாமல் நீர் வழிகின்றது. காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக் கிடக்கின்றன. "தடிமன், தானாக மாறிவிடும்" என்கிறார் ஒருவர். "தாய்ப்பால் விட்டுப் பார்" என்கிறார் இன்னொருவர். குடாநாட்டின் வீடுகளில் இது புதியதல்ல. இதில் எது பொறுத்திருக்கக் கூடியது, எது பொறுக்கலாகாதது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கண்ணை நனைக்கும் நீர், மூக்கை ஒட்டிய இமை ஓரத்திலுள்ள நுண்துளைகள் வழியாகச் சென்று, ஒரு சிறு குழாயினூடாக மூக்கினுள் வடிகின்றது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனாலேயே. சில குழந்தைகளில் இக்குழாயின் மூக்குப்புற முனையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, பிறக்கும்போது திறந்திருப்பதில்லை. 100 குழந்தைகளில் குறைந்தது 5 பேருக்கேனும் இவ்வடைப்பு இருக்கின்றது. அவர்களில் 10 பேருக்கு 9 பேர் என்ற அளவில், ஒரு வயதுக்குள் அது தானாகவே திறந்துவிடும்.

அதுவரை செய்ய வேண்டியது எளியது. நகம் வெட்டிக் கழுவிய விரலால், கண்ணின் உள்மூலையில் மூக்கின் ஓரமாக மெதுவாக அழுத்திக் கீழ்நோக்கி நீவ வேண்டும். இதனை நாளுக்குச் சில தடவைகள் செய்யலாம். முறையை முதலில் வைத்தியரிடம் நேரில் கேட்டறிதல் நன்று. பீளையைக் கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சினால் துடைக்கலாம். ஒரு வயதாகியும் மாறாவிடின், மெல்லிய கம்பியைச் செலுத்திக் குழாயைத் திறக்கும் சிறு சிகிச்சை உண்டு. பெரும்பாலானோர் அத்துடன் குணமடைகின்றனர்.

தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம். ஆயினும் கண்ணில் விடும் பால் அச்சவ்வைத் திறக்காது. தமிழர் வீடுகளில் இடப்படும் மையும், முஸ்லிம் வீடுகளில் இடப்படும் சுர்மாவும் அன்பின் வழக்கங்களே. ஆனால் கடைகளில் விற்கப்படும் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பச்சிளங் கண்களுக்கு இவற்றைத் தவிர்ப்பதே உகந்தது.

பார்வை பிறக்கும்போதே முழுமையடைந்து விடுவதில்லை. கண் காண்பதை மூளை கற்றுக்கொள்வது முதல் ஏழெட்டு ஆண்டுகளில்தான். ஒரு கண்ணின் காட்சி தெளிவற்றிருந்தால் மூளை அதனைக் கைவிட்டு மற்றக் கண்ணையே நம்பத் தொடங்கும். இதுவே 'சோம்பேறிக் கண்' எனப்படுகின்றது. கண்ணீர்க்குழாய் அடைப்பு தனித்துப் பார்வையைக் கெடுப்பது அரிது. எனினும், அடைப்புள்ள குழந்தைகள் சிலரில் இரு கண்களுக்கிடையே கண்ணாடி அளவில் வேறுபாடு இருப்பதை ஆய்வுகள் சுட்டியுள்ளன. ஆகவே நீர் நின்றுவிட்டதும் விடயம் முடிந்துவிட்டதாகக் கொள்ளாது, ஒரு முறையேனும் பார்வையைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

சில அறிகுறிகளுக்கோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து சீழ் வடிதல், உள்மூலையில் வீக்கம், வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இறுக மூடுதல், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றுதல், கண்மணியில் வெண்மை தெரிதல் என்பன அவை. இவற்றின் பின்னால் கடுந்தொற்று, குளுக்கோமா, கண்புரை, விழித்திரைப் புற்றுநோய் ஆகியவை இருக்கலாம்.

யாழ். போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு, சிகிச்சையும் இலவசம். ஆயினும் நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவான் வந்து, பின்னர் பஸ் பிடிக்க வேண்டிய தாய்க்கு ஒரு நாட் கூலியும் சேர்ந்தே போகின்றது. ஆதலால், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே முதலில் கண்ணைக் காட்டுங்கள். எவரை உடன் அனுப்ப வேண்டும், எவர் பொறுத்திருக்கலாம் என்பதை அவர்களும் விளங்கச் சொல்லுதல் வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அந்த மண்ணில் ஒரு குழந்தையின் பார்வை அறியாமையால் குன்றுமாயின், அது எம் அனைவரதும் குறையாகும்.