பெட்டி வைத்த பழைய மோட்டார்: நிற்காமல் ஓட என்னென்ன பார்க்க வேண்டும்?

ஹோண்டா இஎக்ஸ்5, அதற்கும் மூத்த சி70 ஆகிய மோட்டார்களின் இடப்பக்கத்தில் இரும்புப் பெட்டி பொருத்தி, மூன்றாவது சக்கரம் போட்டு ஓட்டுவது மலேசியத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பழகிப்போன காட்சி. பழைய இரும்பு வாங்குபவர், பாசாருக்குக் காய்கறி கொண்டுபோகிறவர், காலில் வலுவில்லாததால் இரண்டு சக்கரத்தில் நிற்க முடியாதவர் என்று பலருக்கு இதுதான் பிழைப்பு. வண்டி இரண்டு நாள் பட்டறையில் கிடந்தால் வீட்டில் அடுப்பெரிவதே சிரமம்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் இயந்திரக் கோளாறால் சாவதில்லை. சி70, இஎக்ஸ்5 இயந்திரங்கள் எளிமையானவை. பக்கத்துப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டலாம். பெட்டியைத் தாங்கும் சட்டமும் சக்கரங்களும்தான் முதலில் தளர்கின்றன. காரணம் சாதாரணமானது. இந்த மோட்டார்கள் பக்கத்தில் பெட்டியை இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பெட்டி இடப்பக்கம் இருப்பதால், வேகம் கூட்டும்போது அதன் எடை பின்னால் இழுக்கும். வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். பிரேக் பிடிக்கும்போது நேர்மாறாக நடக்கும். பெட்டிச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லாத வண்டிகளில், மோட்டார் வேகம் குறையும், பெட்டி முன்னே தள்ளும். கைப்பிடி வலப்பக்கம் திரும்பும். நம் சாலைகளில் வலப்பக்கம் என்றால் எதிரே வரும் லோரி. ஆகவே பிரேக் கட்டை தேய்ந்திருப்பது இந்த வண்டியில் சின்னக் குறை அல்ல. பின்சக்கரத்துப் பிரேக் கம்பியை முறுக்கி முறுக்கிச் சமாளித்து, திருகு மரை முடியும் நிலைக்கு வந்துவிட்டால் கட்டையை மாற்றிவிட வேண்டும்.

இடப்பக்கம் வளையும்போது இன்னொரு ஆபத்து உண்டு. பெட்டி காலியாக இருந்தால் அதன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். அனுபவசாலிகள் காலிப் பெட்டியில் ஒரு மணல் மூட்டையைப் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

நேர்கோட்டில் போகும்போதே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கிறதா? அப்படியானால் சக்கரங்களின் நேர் தவறியிருக்கிறது. இதைப் பார்க்க இரண்டு நேரான பலகைகள் போதும். மோட்டாரின் இரு சக்கரங்களையும் ஒட்டி ஒரு பலகை, பெட்டிச் சக்கரத்தை ஒட்டி ஒரு பலகை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி முன்பக்கம், பின்பக்கத்தைவிட ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். மோட்டாரும் பெட்டியை விட்டு வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். வழக்கமான சுமையை ஏற்றி, ஓட்டுபவரும் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். காலி வண்டியில் எடுத்த அளவு ஓடும்போது நிற்காது. இந்த வேலையைச் செய்யாமல் டயரை மட்டும் மாற்றுவது காசைக் கரைப்பதுதான். புது டயரும் ஒரு பக்கமாகவே தேயும்.

சட்டத்தில் பெட்டி சேரும் இடங்களை வாரம் ஒருமுறை கழுவித் துடைத்துப் பார்ப்பது நல்லது. சாயத்தில் மெல்லிய கோடும், அதிலிருந்து வழிந்த துருக்கறையும் தெரிந்தால் அங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். உரமூட்டை ஏற்றும் வண்டிகளில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். மேலே ஒரு துண்டு இரும்பை வைத்துப் பற்றவைத்து அனுப்புவது தற்காலிகம். வெடிப்பு பெரும்பாலும் அந்தப் பற்றவைப்பின் ஓரத்திலேயே மீண்டும் தொடங்கும். மோட்டார் சட்டத்தோடு நேரே பற்றவைக்காமல், கவ்விகளும் போல்ட்டுகளும் கொண்டு நான்கு இடங்களில் பிடித்திருந்தால் கழற்றிப் பார்க்கவும் முடியும், மாற்றவும் முடியும்.

பின்சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று கேட்கும். இரு சக்கர மோட்டார் வளைவில் சாய்ந்துகொள்ளும், இது சாயாது. அதனால் பக்கவாட்டு அழுத்தம் முழுவதும் இந்தக் கம்பிகளிலும் பேரிங்கிலும்தான் விழுகிறது.

மேட்டில் இழுக்கத் திணறினால், இயந்திரத்தைப் பெரிதாக்க அவசரப்பட வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்கினாலே இழுவை ஏறக்குறைய 8 விழுக்காடு கூடும். உச்ச வேகம் குறையும். பெட்டி வைத்த வண்டிக்கு அது நல்லதே. சுமையோடு மெதுவாகப் போகும்போது காற்றில் குளிரும் இயந்திரம் அதிகம் சூடேறும். எனவே எண்ணெயை மற்ற மோட்டார்களைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். வேகம் கூட்டும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். காலையில் முடுக்கியதும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்தான், செலவு குறைவு.

இனி, பத்திரம். மோட்டாரில் பெட்டி பொருத்துவது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். பரிசோதனையில் தேறி, கிரானிலும் பதிவாக வேண்டும். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்குச் சாலை வரி பெரிய செலவல்ல, ஆனால் காப்புறுதி இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. கிரானில் இல்லாத பெட்டியோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. வண்டியின் வகைக்கு எந்த உரிமம் தேவை, மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவர்களுக்கு என்ன சலுகை என்பதை வாங்குமுன்பே ஜேபிஜே கிளையில் கேட்டுக்கொள்ளலாம். கிரானை எடுத்துக்கொண்டு போவது நல்லது. முகப்பில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.