பாதிப் பெண்களைப் பார்க்காத பரிசோதனை

ஓசூர் சிப்காட்டையும் சுற்றுவட்டாரத்தையும் நம்பி வந்திருக்கும் இளம்பெண்கள் ஏராளம். மின்னணு ஆலைகளில் ஷிப்டு ஷிப்டாக நின்று வேலை பார்ப்பவர்கள். இவர்களுக்கு ரத்தசோகை உண்டா என்பதை விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் முடிவு செய்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராம் இருந்தால் கணக்கு முடிந்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இங்கே கவலைப்பட வேண்டியது, ரத்தசோகை இல்லாமலே இரும்புச்சத்து குறைந்திருக்கக்கூடிய மீதிப் பாதியைப் பற்றியும்தான்.

இரும்பு ரத்தத்துக்கு மட்டுமானதல்ல. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி கந்தகத்தைப் பிரித்தெடுக்க, ஃப்ராடாக்ஸின் என்ற புரதம் அதை விரைவுபடுத்த, இன்னொரு புரதத்தின்மேல் இரும்பும் கந்தகமும் கூடிச் சிறு கொத்தாகின்றன. உணவை ஆற்றலாக்கும் வேலையும் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையும் இந்தக் கொத்துகள் இல்லாமல் நடக்காது. இரும்பு இருப்பைக் கண்காணிப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஐஆர்பி-1 என்ற புரதம், கொத்து இருக்கும்வரை சாதாரண நொதி. கொத்து கழன்றதும் அதே புரதம் ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்கிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் உற்பத்தியைத் தடுத்து, இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பிகளைப் பெருக்குகிறது. தட்டுப்பாடு வந்தால் உடல் ரத்த அணுக்களுக்கே முதலில் ஒதுக்குகிறது. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே தசையும் மற்ற உறுப்புகளும் வறளத் தொடங்கிவிடும். ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருந்த பெண்களுக்கு இரும்பு கொடுத்தபோது சோர்வு குறைந்ததை ஐரோப்பாவில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே ஆலைகளின் ஆண்டுப் பரிசோதனையில் ஃபெரிட்டினும் சேர வேண்டும்.

ராகி விளையும் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்கலாம். ராகியில் இரும்பு இருக்கிறது; கூடவே அதைக் குடலில் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ மிச்சத்தையும் கெடுக்கும். முளைகட்டிய ராகியும் எலுமிச்சையும் ஓரளவு உதவும். ஃபெரிட்டின் பரிசோதனைக்குச் செலவு கூடுதல், காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அளவு பொய்யாக உயரும் என்பதும் உண்மைதான். அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சிஆர்பி அளவையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

தொழில் மண்டலத்துக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு: ஈயம். இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. ஹீமோகுளோபினில் இரும்பை ஏந்தும் ஹீம் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் ஃபெரோகெலட்டேஸ் நொதியே இரும்பு-கந்தகக் கொத்தைச் சுமப்பது. அதை ஈயம் முடக்குகிறது. ஈயம் கலந்த சால்டரிங்கிலும் பேட்டரி வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு ஃபெரிட்டினோடு ரத்த ஈய அளவையும் ஒரே ஊசியில் பார்த்துவிடலாம். குறிப்பாகக் கருத்தரிக்கும் வயதில் இருப்பவர்களுக்கு, ஏனென்றால் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும்.