கம்பளி விரிப்பும் சலவைத் தொழிலாளரும்: ஓர் அறிமுகக் குறிப்பு

இலக்கிய ஆய்வுக்கும் சமூக வரலாற்றுக்கும் பெரிதும் இடமளித்துவரும் இத்தகைய இதழொன்றிலே கம்பளி விரிப்பைத் துப்புரவு செய்யும் முறை பற்றிய கட்டுரை இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் இதனை எழுத நேர்ந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றின் மாடிவீட்டிலே, நண்பர் ஒருவரின் கம்பளி விரிப்பைக் கழுவுவதற்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து இளைஞர் ஒருவர் அனுப்பப்பட்டிருந்தார். சலவைச் சோடாவும் குளோரீன் வெளிற்றியும் கலந்த சுடுநீரால் அவர் அதனைத் தேய்த்துக் கழுவினார். உலர்ந்தபோது விரிப்பின் வெண்பகுதிகள் மஞ்சளாகியிருந்தன. மென்மை போய், தேங்காய்த் தும்பின் முரட்டுத்தன்மை வந்திருந்தது. அவருடைய அன்றைய கூலி மறுக்கப்பட்டது. அத்துடன் அமையாது, அடுத்துவந்த வாரக் கூலிகளிலும் அவரை அனுப்பிய முதலாளி ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார் எனப் பின்னர் அறிந்தோம்.

அவ்விளைஞர் கவனயீனமாக நடந்துகொண்டவரல்லர். விடுதிகளின் பருத்தி விரிப்புகளைப் பல ஆண்டுகள் வெளுத்த அனுபவம் அவருக்கு உண்டு. பருத்திக்கு எது சரியோ அதையே அவர் கம்பளிக்கும் செய்தார். இதுவே நாம் ஆராய வேண்டிய விடயமாகும்.

தமிழரின் சலவை மரபு முற்றிலும் பருத்தியோடு வளர்ந்த மரபு. குறுந்தொகை முதலிய சங்க நூல்களிலே ஆடை வெளுக்கும் புலைத்தி கஞ்சிப்பசை தோய்த்துத் துணி அலசுபவளாகக் காட்டப்படுகின்றாள். பிற்காலத்தில் உவர்மண், சாம்பல், வெள்ளாவி, துறைக்கல் என்பன இத்தொழிலின் சாதனங்களாயின. யாழ்ப்பாணத்துக் கட்டாடிமாரும் இவற்றையே கையாண்டனர். இவற்றைக் கூர்ந்து நோக்கின் யாவும் மூன்று வினைகளுள் அடங்குவதைக் காணலாம்: காரம், வெப்பம், அடி. பருத்தி தாவர இழை, செலுலோசினால் ஆனது. அது காரத்தைத் தாங்கும், கொதியைத் தாங்கும், கல்லில் ஓங்கி அறையப்படுவதையும் பெருமளவு தாங்கும். எனவே, தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்ட இவ்வறிவு தன்னளவிற் பிழையற்றது. இதனைக் கைக்கொண்டோரை ‘அறிவற்ற கைவேலைக்காரர்’ என்று ஒதுக்கியது சாதியச் சமூகத்தின் பார்வையே.

கம்பளி எமக்கு அயலானதொன்று. கம்பளம் என்ற சொல்லே வடமொழி வழிவந்தது. குறும்பர் போன்ற ஆயர் குழுவினர் முரட்டுக் கம்பளிகளை நெய்துவந்தனராயினும், சமவெளித் தமிழரின் அன்றாட வாழ்வில் அதற்கு இடம் குறைவு. இலங்கையில் கம்பளி என்ற சொல்லைப் பெருந்திரளான தமிழ் உழைப்பாளர் அறிந்துகொண்டது மலையகத் தோட்டங்களிலேயாகும். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தோருக்குத் துரைமார் வழங்கிய கம்பளி, அவர்களது கணக்கிற் கடனாகவே எழுதப்பட்டது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். உடுத்த கம்பளிக்கும் கடன்பட்டவர்களின் உறவினர், இன்று பிறர் வீட்டுக் கம்பளத்துக்காகக் கூலியை இழக்கின்றனர்.

கம்பளி விலங்கின் மயிர். அது கெரற்றின் எனும் புரதத்தினால் ஆனது. எமது தலைமயிரும் நகமும் இப்புரதமே. புரதச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து வலுவூட்டுபவை கந்தகப் பிணைப்புகள். காரம் இப்பிணைப்புகளையே முதலில் தாக்குகின்றது. 5 சதவீத எரிசோடாக் கரைசலில் கொதிக்கவைத்தால் கம்பளி சில நிமிடங்களில் முற்றாகக் கரைந்துவிடும். பருத்தி கரையாது எஞ்சும். இழைகளை வேறுபடுத்தி அறிவதற்கு ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் பயன்பட்ட சோதனை இது. சலவைச் சோடா அத்துணை வலியதன்று; எனினும் செல்லும் திசை ஒன்றுதான். குளோரீன் வெளிற்றியோ கம்பளியை முதலில் மஞ்சளாக்கி, பின்னர் அரித்துவிடும்.

மற்றொரு பண்பும் உண்டு. கம்பளி இழையின் மேற்பரப்பில் ஓட்டுக்கூரைபோல ஒரே திசையில் அடுக்கப்பட்ட செதில்கள் உள்ளன. ஈரமும் வெப்பமும் தேய்ப்பும் ஒருங்கே சேரும்போது இழைகள் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. செதில்கள் அவற்றைப் பின்வாங்க விடுவதில்லை. இவ்வாறு இழைகள் இறுகிச் சிக்குண்டு மொத்தையாகிவிடும். ஒருமுறை இறுகியதை மீட்க வழியில்லை. துறைக்கல் பருத்திக்குச் செய்யும் உதவியைக் கம்பளிக்குச் செய்யாமைக்குக் காரணம் இதுவே.

இவ்வளவும் தெரிந்தால் துப்புரவு முறை தானாகவே புலப்படும். முதலில் விரிப்பு உண்மையில் கம்பளிதானா என்பதை அறிய வேண்டும். அடிப்புறத்து ஓரத்திலிருந்து ஓரிரு இழைகளைப் பிடுங்கி, விரிப்புக்குத் தொலைவில், இடுக்கியாற் பிடித்து எரித்துப் பார்க்கலாம். மயிர் கருகும் நாற்றமும் விரலிடையே பொடியாகும் கரிச்சாம்பலும் கம்பளியைக் காட்டும். கடதாசி எரியும் மணம் பருத்திக்கும் விஸ்கோசுக்கும் உரியது. உருகிக் கட்டியானால் அது செயற்கை இழை. பட்டெனக் கூறி விற்கப்படும் பல விரிப்புகள் விஸ்கோசே என்பதையும், விஸ்கோசு நனைந்தால் மிக நலிந்துவிடும் என்பதையும் சொல்லிவைத்தல் நன்று.

அடுத்தது தூசி. நீர் தொடுமுன் செய்யவேண்டிய இவ்வேலையே பாதிக்கு மேற்பட்ட வேலை எனலாம். அவசரக்காரர் தவறவிடுவதும் இதனையே. விரிப்பின் அடியில் தங்கிய நுண்மணல், மேலே நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இழையின் வேரை அறுக்கின்றது. நீர் பட்டால் அது சேறாகும். விரிப்பைக் குப்புறப் போட்டு, முதுகுப்புறத்தை மெல்லத் தட்டியோ தூசு உறிஞ்சியை ஓட்டியோ மணலைக் கீழே உதிரச் செய்ய வேண்டும். பின்னர் திருப்பி, மயிர் சாயும் திசையில் உறிஞ்ச வேண்டும். சுழலும் தூரிகை பொருத்திய பொறியைக் குஞ்சங்களின் மேல் ஓட்டலாகாது. வேலை செய்பவர் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிதல் அவசியம்.

சாயம் கரையுமா என்பதை, பயன்படுத்தப்போகும் அதே கரைசலில் வெண்துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மீதும் சில நிமிடங்கள் அழுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும் பெரும்பாலும் ஏமாற்றும். துணியில் நிறம் ஏறினால் அவ்விரிப்பை நீரிற் கழுவ ஒப்புக்கொள்ளலாகாது. ஒப்புக்கொள்ளாதிருக்கும் உரிமை நாட்கூலிக்காரருக்கு நடைமுறையில் இருக்கின்றதா என்பது வேறு வினா.

கழுவுநீர் இளஞ்சூட்டை, ஏறத்தாழ 30 பாகை செல்சியசை, விஞ்சக்கூடாது. சவர்க்காரக் கரைசலின் பி.எச். பெறுமானம் 5க்கும் 8க்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது நடுநிலையை ஒட்டியதாக. கடைகளில் விற்கப்படும் சாதாரண சலவைத் தூள்கள் காரத்தன்மை உடையன. அதனினும் கெடுதி, அவற்றுட் பலவற்றிலே கறை நீக்குவதற்கெனப் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் சேர்க்கப்பட்டிருப்பதாகும். இரத்தக்கறைப் புரதத்தையும் கம்பளிப் புரதத்தையும் அந்நொதியம் வேறுபடுத்தி அறியாது. மென்தூரிகையால் மயிரின் திசையில் மட்டும் நீவிக் கழுவி, சவர்க்காரம் எஞ்சாதவாறு நல்ல நீரால் அலச வேண்டும். கடைசி அலசலில் லீற்றர் ஒன்றுக்கு 20 அல்லது 30 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரி சேர்த்தால், எஞ்சிய காரம் நடுநிலையாகும். சாயமும் ஓரளவு நிலைக்கும். பருத்தி வெளுப்பவருக்குக் காரம் நண்பன். கம்பளி கழுவுபவருக்கோ மென்னமிலமே நண்பன். எமது சமையலறைகளிலுள்ள நிறம்படிந்த தென்னங்கள்ளு வினாகிரி இதற்கு உதவாது என்பதை ஒரு குறிப்பாகச் சொல்லிச் செல்கிறோம்.

கொழும்பிலே உண்மையான சோதனை உலர்த்துதலில் தொடங்குகின்றது. பாலைநிலங்களிலும் வறண்ட மேட்டுநிலங்களிலும் பிறந்த பண்டம் இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட சாரீரப்பதனில் கிடக்கின்றது. கம்பளி தன் எடையின் மூன்றிலொரு பங்களவு நீராவியை உறிஞ்சியும் தொடுகைக்கு ஈரமற்றதுபோலத் தோன்றும் இயல்பினது. எனவே மேலே தொட்டுப்பார்த்து ‘காய்ந்துவிட்டது’ எனக் கூறுவது ஏமாற்றம் தரும். அடியிலுள்ள பருத்திப் பாவும் சணற்பின்னணியும் ஈரமாகவே இருக்கும், அவற்றிலிருந்து எழும் பழுப்புநிறக் கறை மேலேறும், பூஞ்சணம் பிடிக்கும். நீரை உறிஞ்சிப் பொறியாலோ உலர்ந்த துவாய்களாலோ இயன்றளவு எடுத்து, நிலத்திலிருந்து உயர்த்திய சட்டத்தின் மீது விரிப்பைப் பரப்பி, மேலும் கீழும் மின்விசிறிக் காற்றுப்பட விட வேண்டும். ஒருநாளுக்குள் உலராதென்று கருதினால் அன்று கழுவாதிருப்பதே மேல். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். கம்பிக்கொடியில் தொங்கவிடுதல் தவறு. ஈரக்கம்பளி நலிந்தது, தன் பாரத்தாலேயே இழுபட்டு உருமாறும். மாடிக் கைபிடிச்சுவரில் உச்சிவெயிலிற் போடுவதும் சாயத்தை மங்கச் செய்யும்.

பூச்சிகளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. உடை அந்துப்பூச்சியினதும் கம்பள வண்டினதும் குடம்பிகள் கெரற்றினைத் தின்று வாழ்பவை. அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அடியில், இருளில், அசைக்கப்படாது கிடக்கும் பகுதியையே அவை நாடும். மாதமொருமுறை புரட்டித் தூசு எடுப்பதே போதிய காப்பாகும்.

இதுவரை கூறியது கம்பளியின் பாதுகாப்பு. இத்துறையில் ‘பாதுகாப்பான துப்புரவு’ எனும் தொடர் பெரும்பாலும் பண்டத்தின் பாதுகாப்பையே குறிக்கின்றது. ‘மூலதனம்’ முதற் பாகத்தின் தொடக்கத்தில் மார்க்ஸ் எடுத்தாளும் உதாரணம் துணியும் மேலங்கியுமாகும்; அவற்றை நெய்பவரும் தைப்பவரும் அங்கே இடம்பெறுகின்றனர். அழுக்கான பண்டத்தின் பயன்பெறுமானத்தை மீட்டளிப்பவர், பொதுவாகப் பொருளாதார நூல்களிற் சரி, எமது தொழிலாளர் வரலாற்று நூல்களிற் சரி, ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றார். இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கொழும்பில் 1893இல் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனையடுத்து 1896இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சலவைத் தொழிலாளரே. வண்டிக்காரர் 1906இலும், புகையிரதத் தொழிலாளர் 1912இலும் அவர்களைத் தொடர்ந்தனர். சாதித்தொழிலாளர் என ஒதுக்கப்பட்டோர் நகர்ப்புறக் கூலியுழைப்பாளராக உருமாறிய விரைவை இது காட்டுகின்றது. வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தை இடதுசாரிகள் பலரும் நினைவுகூர்வர், கொல்வின் ஆர். டி சில்வா அதனூடே முன்னணிக்கு வந்தார். 1896 அவ்வாறு நினைவுகூரப்படுவதில்லை.

இனி, கழுவும் கைகளின் பாதுகாப்பு. நாம் மேலே கூறிய வினாகிரியும், இளைஞர் கொண்டுவந்த குளோரீன் வெளிற்றியும் ஒரே வாளியில் சேருமாயின் குளோரீன் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரலில் ஈப்பர் போர்முனையில் படைக்கலமாகப் பயன்பட்ட அதே வாயுதான். வெளிற்றியோடு அமோனியா சேர்ந்தாலும் நச்சுவாயுவே எழும். வெள்ளவத்தை மாடிவீட்டுக் குளியலறையிலே, சாளரம் மூடிய நிலையில், இது உயிராபத்தாகலாம். கண்ணெரிவும் இருமலும் தோன்றினால் வாளியை எடுத்து ஊற்ற முயலாது உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்தை அடைய வேண்டும். மூச்சுத்திணறல் தொடர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது.

உலர்சலவையில் பயன்படும் பெர்குளோரோஎதிலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியதென உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. கலிபோர்னியா மாநிலம் 2007இல் முடிவெடுத்து, 2023உடன் உலர்சலவைக் கடைகளில் அதனை நிறுத்தியது. துருக்கறை நீக்கிகள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலம் உண்டு. அது தோலிற் பட்டவுடன் நோவு தோன்றாதிருக்கலாம். மணிக்கணக்கிற் பின்னரே ஆழ்ந்த வேதனை எழும். அதற்குள் அது தசையூடே எலும்பை நோக்கிச் சென்றிருக்கும். அத்தகைய போத்தலைத் தொடாதிருப்பதே சரி. தொட்டுவிட்டால் நீரால் நெடுநேரம் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாரத்தையும் மறக்கலாகாது. கையால் முடிந்த கம்பளி விரிப்பு சதுர மீற்றருக்கு 3 முதல் 4 கிலோகிராம் இருக்கும். நனைந்தால் இருமடங்குக்கும் மேல். மூன்றாம் மாடியிலிருந்து அதனை ஒருவர் தோளிற் சுமந்து இறக்குவது முதுகெலும்பை விலையாகக் கொடுப்பதாகும்.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்தும் எம்மிடையே உள்ளன. தொலைபேசி அழைப்பில் வீட்டுக்கு வீடு அனுப்பப்படுபவருக்குத் தொழிற்சாலையும் இல்லை, பதிவேடும் அரிது. எச்சரிக்கைகளோ போத்தலின் பின்புறத்தில் நுண்ணிய ஆங்கில எழுத்துகளில் உள்ளன. அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் பல்கலைக்கழகத்துக்கும் பாடசாலைக்கும் பயன்பட்டன. அச்சொற்கள் சலவைக்காரரின் வாளியை எட்டவில்லை. காரம், அமிலம், நொதியம் என்பவற்றைத் தமிழிற் கற்பித்த எம்மவருக்கு அதில் பங்குண்டு.

கொட்டாஞ்சேனை இளைஞரை நாம் மீண்டும் சந்தித்தோம். சிவப்பு வாளி, நீல வாளி என இரண்டை வாங்கி, ஒன்றில் ‘பருத்தி - வெளிற்றி’ என்றும் மற்றதில் ‘கம்பளி - வினாகிரி’ என்றும் அழியாத மையால் எழுதி வைத்திருக்கின்றார். இரண்டையும் ஒரே வேலைக்கு அவர் எடுத்துச்செல்வதில்லை.