பொது விதியும் தனி விதியும்: ஆன்சிபிளில் ஹோஸ்ட் மாறிகள்

பல கணினிகளை ஓரிடத்திலிருந்து அமைக்கவும் பராமரிக்கவும் உதவும் தானியக்க மென்பொருள் ஆன்சிபிள். மைக்கேல் டிஹான் இதைப் பைத்தான் மொழியில் எழுதி 2012இல் வெளியிட்டார். 2015இல் ரெட் ஹேட் நிறுவனம் இதை வாங்கியது. 2019இல் ரெட் ஹேட்டே ஐபிஎம் வசம் சென்றது. ஆன்சிபிளால் நிர்வகிக்கப்படும் சர்வர்களில் அதற்கென்று தனி ஏஜென்ட் எதையும் நிறுவி வைக்க வேண்டியதில்லை. லினக்ஸ் சர்வர் என்றால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்து, வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடும்.

ஆன்சிபிளுக்கு இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது முதலாவது. அது பிளேபுக் என்னும் கோப்பில் எழுதப்படும். எந்தெந்தக் கணினிகளில் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. அது இன்வென்டரி என்னும் பட்டியலில் இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு ஹோஸ்ட்.

ஐம்பது சர்வர்களுக்கும் ஒரே பிளேபுக் போதும் என்பதே இந்தக் கருவியின் பயன். ஆனால் ஐம்பது சர்வர்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐபி முகவரி மாறும், நினைவகத்தின் அளவு மாறும், உள்நுழையும் பயனர் பெயர் மாறும். இந்த வேறுபாடுகளைப் பிளேபுக்குக்குள் எழுதினால் சர்வருக்கு ஒரு பிளேபுக் தேவைப்படும். அதனால் மாறக்கூடிய இடத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதி, அந்தப் பெயருக்குரிய மதிப்பை ஒவ்வொரு சர்வருக்கும் தனியே குறித்து வைக்கிறார்கள். அந்தப் பெயர்தான் மாறி. ஒரு குறிப்பிட்ட கணினிக்கு மட்டும் உரிய மதிப்பைத் தாங்குவது ஹோஸ்ட் மாறி. இன்வென்டரியில் கணினிகளைக் குழுக்களாகவும் பிரிக்கலாம்; ஒரு குழுவுக்குப் பொதுவான மதிப்பைத் தாங்குவது குழு மாறி.

எங்கே எழுதுவது?

ஹோஸ்ட் மாறியை எழுத எளிய இடம் இன்வென்டரி கோப்பே. சர்வரின் பெயரை எழுதிய அதே வரியில், இடைவெளி விட்டு, மாறியின் பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதலாம். சர்வரோடு எப்படித் தொடர்பு கொள்வது என்று ஆன்சிபிளுக்குச் சொல்லும் மாறிகள் பெரும்பாலும் இங்கேதான் இடம்பெறும். உண்மையான முகவரி, எஸ்எஸ்எச் போர்ட் எண், உள்நுழையும் பயனர், பைத்தான் இருக்கும் பாதை ஆகியவை அத்தகையவை. எஸ்எஸ்எச் வழக்கமாக 22ஆம் போர்ட்டில் இயங்கும். ஒரு சர்வர் மட்டும் 2222இல் இயங்கினால், அந்தச் சர்வரின் வரியில் அந்த ஒரு மதிப்பைச் சேர்த்தால் போதும்.

மாறிகள் பெருகினால் அந்த வரி நீண்டு, படிக்க முடியாமல் போகும். அப்போது கைகொடுப்பது ஹோஸ்ட்_வார்ஸ் என்ற கோப்புறை. இன்வென்டரிக்குப் பக்கத்திலோ பிளேபுக்குக்குப் பக்கத்திலோ இந்தப் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் சர்வரின் பெயரிலேயே ஒரு யாமல் கோப்பை வைக்க வேண்டும். அந்தச் சர்வரில் வேலை நடக்கும்போது ஆன்சிபிள் தானாகவே அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ளும். கோப்பின் பெயர் இன்வென்டரியில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது அவசியம். பட்டியலில் முழு டொமைன் பெயரும் கோப்பில் அதன் சுருக்கமும் இருந்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அந்தக் கோப்பு விடுபட்டுப் போகும். குழுக்களுக்கு இதே முறையில் குரூப்_வார்ஸ் என்ற கோப்புறை உண்டு. எல்லாச் சர்வர்களும் ‘ஆல்’ என்ற குழுவில் தாமாகவே அடங்கும். அனைத்துக்கும் பொதுவான மதிப்புகளின் இடம் அது.

எதை எங்கே வைப்பது?

ஒரு நிறுவனத்தில் மூன்று மைஎஸ்கியூஎல் தரவுத்தளச் சர்வர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று முதன்மை; மற்ற இரண்டும் அதன் தரவை உடனுக்குடன் நகலெடுத்துக்கொள்பவை. மூன்றிலும் போர்ட் எண் 3306. இந்த மதிப்பை மூன்று ஹோஸ்ட் கோப்புகளில் எழுதத் தேவையில்லை. தரவுத்தளக் குழுவின் கோப்பில் ஒருமுறை எழுதினால் போதும். நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி சர்வரின் முகவரி தரவுத்தளங்களுக்கு மட்டுமல்ல, எல்லாக் கணினிகளுக்கும் பொது. அது ‘ஆல்’ குழுவுக்குப் போகும்.

சர்வர் அடையாள எண்ணின் நிலை வேறு. நகலெடுக்கும் அமைப்பில் உள்ள ஒவ்வொரு மைஎஸ்கியூஎல் சர்வருக்கும் இந்த எண் வெவ்வேறாக இருந்தாக வேண்டும். ஆகவே இதைக் குழுவில் வைக்கவே முடியாது. இது முழுமையான ஹோஸ்ட் மாறி. தரவைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் பஃபர் பூலின் அளவு குழு மாறிக்கும் ஹோஸ்ட் மாறிக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு சர்வர்களில் 64 ஜிபி நினைவகமும் ஒன்றில் 16 ஜிபியும் இருந்தால், 64 ஜிபிக்கு ஏற்ற அளவைக் குழுவில் எழுதி, சிறிய சர்வருக்கு மட்டும் ஹோஸ்ட் கோப்பில் குறைந்த அளவை எழுதலாம். ஒரு மதிப்பு எவ்வளவு பரந்த வட்டத்துக்குப் பொருந்துமோ அந்த வட்டத்தில் அதை வைப்பதே முறை. விலக்கு மட்டுமே ஹோஸ்ட் மாறியாக வேண்டும்.

எது வெல்லும்?

ஒரே மாறி பல இடங்களில் எழுதப்பட்டிருந்தால் எந்த மதிப்பு செல்லும்? பொது விதியை முதலில் வகுத்து, அதற்கு மாறாக வரும் இடங்களைச் சிறப்பு விதியால் காட்டுவது தமிழ் இலக்கண நூல்களின் முறை. ஆன்சிபிளும் அப்படியே நடக்கிறது. ‘ஆல்’ குழுவின் மதிப்பைத் தாய்க் குழுவின் மதிப்பு வெல்லும். தாய்க் குழுவை, அதற்குள் அடங்கும் சேய்க் குழு வெல்லும். எல்லாக் குழுக்களையும் ஹோஸ்ட் மாறி வெல்லும். ஹோஸ்ட் மாறிகளுக்குள்ளும் வரிசை உண்டு. இன்வென்டரி வரியில் எழுதியதை, இன்வென்டரிக்குப் பக்கத்தில் உள்ள ஹோஸ்ட்_வார்ஸ் கோப்பு வெல்லும். அதை, பிளேபுக்குக்குப் பக்கத்தில் உள்ள ஹோஸ்ட்_வார்ஸ் கோப்பு வெல்லும்.

ஹோஸ்ட் மாறியே இறுதி அல்ல. ஆன்சிபிளின் ஆவணம் முன்னுரிமையை 22 படிகளாக அடுக்குகிறது. ரோல் என்ற தொகுப்பின் இயல்பு மதிப்புகள் அடிப்பகுதியில் இருக்கின்றன. பிளேபுக்கிலேயே எழுதப்படும் மாறிகள் ஹோஸ்ட் மாறிகளுக்கு மேலே நிற்கின்றன. இயக்கும்போது கூடுதல் மாறியாகக் கட்டளை வரியில் தரப்படும் மதிப்பு அனைத்துக்கும் மேல். ஆனால் அதே கட்டளை வரியில், பயனர் பெயருக்கென்று உள்ள தனி விருப்பத்தின் மூலம் தரும் பெயர் அடிப்படியில்தான் நிற்கும்; இன்வென்டரியில் வேறு பயனர் பெயர் இருந்தால் அதுவே செல்லும்.

சமநிலையில் உள்ள இரு குழுக்களில் ஒரு சர்வர் இருந்து, இரண்டும் ஒரே மாறிக்கு வேறு வேறு மதிப்புத் தந்தால், குழுப் பெயர்களின் அகரவரிசையில் பின்னால் வருவது வெல்லும். பெயரை நம்பி இருப்பதைவிட, அத்தகைய மோதலே வராமல் குழுக்களை வகுப்பது நல்லது. மதிப்பு ஒரு டிக்ஷனரியாக இருந்தாலும் கவனம் தேவை. இயல்பான அமைப்பில் இரண்டு டிக்ஷனரிகளும் ஒன்றாகச் சேராது. வென்றது முழுவதுமாக நிற்கும், தோற்றது முழுவதுமாக மறையும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மாறியின் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். எண்ணில் தொடங்கக் கூடாது. இடைக்கோடும் இடைவெளியும் ஆகா. மதிப்பின் வகையிலும் பொறிகள் உண்டு. யாமல் கோப்பில் பைத்தான் பதிப்பை 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், அது தசம எண்ணாகக் கொள்ளப்பட்டு 3.1 ஆகிவிடும். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு, ‘இல்லை’ என்ற பொருளில் உண்மை-பொய் மதிப்பாக மாறிவிடும். மேற்கோள் குறி இரண்டையும் தடுக்கும். ஐஎன்ஐ வடிவ இன்வென்டரியில் வேறொரு சிக்கல்: சர்வரின் வரியில் எழுதப்படும் எண் எண்ணாகவே கொள்ளப்படும், குழு மாறிகளுக்கான பகுதியில் எழுதினால் அதுவே வெறும் எழுத்துச் சரமாகும்.

கடவுச்சொற்களை ஒருபோதும் வெறும் எழுத்தாக வைக்கக் கூடாது. இந்தக் கோப்புகள் பெரும்பாலும் கிட் களஞ்சியத்தில் பலர் கண்ணில் படுபவை. ஆன்சிபிளோடு வரும் வால்ட் வசதி, கோப்பு முழுவதையுமோ ஒரு மதிப்பை மட்டுமோ ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கம் செய்யும். ஒரு சர்வருக்கு ஒற்றைக் கோப்புக்குப் பதிலாக ஒரு கோப்புறையே வைத்து, சாதாரண மாறிகளை ஒரு கோப்பிலும் குறியாக்கியவற்றை இன்னொன்றிலும் பிரித்து வைக்கலாம்.

ஒரு சர்வரின் மாறியை மற்றொரு சர்வருக்கான வேலையிலும் பயன்படுத்தலாம். நகலெடுக்கும் சர்வருக்கு முதன்மைச் சர்வரின் முகவரி தெரிய வேண்டும். ஹோஸ்ட்வார்ஸ் என்ற உள்ளமைந்த மாறியின் வழியாக, முதன்மைச் சர்வரின் பெயரைக் குறிப்பிட்டு அதை எடுத்துக்கொள்ள முடியும். முகவரியை இரண்டாவது இடத்தில் எழுத வேண்டிய தேவை அங்கே இல்லை.

எழுதி முடித்த பின் சரிபார்ப்பு. ஆன்சிபிள்-இன்வென்டரி என்ற கட்டளையிடம் ஒரு சர்வரின் பெயரைத் தந்தால், குழுக்களிலிருந்தும் ஹோஸ்ட் கோப்புகளிலிருந்தும் அந்தச் சர்வருக்குக் கடைசியாகக் கிடைக்கும் மதிப்புகளைப் பட்டியலிடும். பிளேபுக்கும் ரோலும் பின்னர் சேர்ப்பவை இதில் தெரியாது. அவற்றை டீபக் மாட்யூல் மூலம் பார்க்கலாம்.

22 படிகளையும் மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. ஒரு மாறிக்கு ஒரே இடம் என்ற ஒழுங்கைக் குழுவினர் அனைவரும் கடைப்பிடித்தால், எது வெல்லும் என்ற கேள்வி அபூர்வமாகவே எழும். புதிதாக இன்வென்டரி அமைப்பவர்கள் முதல் சர்வரைச் சேர்க்கும் முன்பே அந்த இடங்களை வகுத்துக்கொள்ள வேண்டும்.